வெளிச்சம் சுருங்காது

உள்ளங்காலிலிருந்து கண்மட்டம் வரை 28 மில்லிமீட்டர். மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி, அளவுகோலும் பகடையும் கொண்டு போர் விளையாடுபவர்களிடையே ஒரு மனிதனுக்கு இன்று பரவலாக வழங்கும் உயரம் இதுதான். தொப்பியும் குஞ்சமும் சேர்ந்தால் கணக்குக் குழம்பும் என்பதால் அளவைக் கண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நிஜ ஆளில் ஏறக்குறைய 56-இல் ஒரு பங்கு. நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் காலாள் ஒருவனை இந்த அளவில் நன்றாகத் தீட்டி முடித்துக் கையில் கொடுத்தால், பார்ப்பவர் வாயில் முதலில் வருவது, “இத்துனூண்டு பொம்மையில் பொத்தானைக்கூட விடவில்லையே!” என்பதுதான். அந்த வியப்பு நியாயமானது. ஆனால் வியக்கவேண்டிய இடம் அதுவல்ல. பொத்தானைச் சிறிதாக்குவது இன்றைய அச்சுக்குப் பெரிய காரியமில்லை. ஒரு மனிதனைச் சிறிதாக்கும்போது அவனோடு சேர்ந்து சிறிதாக மறுப்பவை சில உண்டு. அறையின் வெளிச்சம், பார்க்கிறவரின் கண், பொருளின் உறுதி, தூக்கி நகர்த்தும் விரல் ஆகிய எதுவும் 56-இல் ஒரு பங்காவதில்லை. சுருங்காத இவற்றுக்கு ஈடுகட்டுவதுதான் இந்தக் கலை. செதுக்கும்போதும் ஒட்டும்போதும் தீட்டும்போதும் களத்தில் நிறுத்தும்போதும் நடப்பது அந்த ஈடுகட்டல்தான். அதைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவருக்கு, பொத்தான்கள் தாமாகவே பின்னுக்குப் போய்விடும்.

துப்பாக்கியிலிருந்து தொடங்கலாம். அந்தக் காலத்துப் பிரெஞ்சு மஸ்கட் ஒன்றரை மீட்டர் நீளம். பொம்மையில் அது 27 மில்லிமீட்டர், சிக்கலில்லை. ஆனால் அதன் குழாயின் கனம், விகிதப்படி போனால், அரை மில்லிமீட்டரைத் தொடாது. அந்தக் கனத்தில் பிளாஸ்டிக்கை வார்த்தால் பெட்டியைத் திறப்பதற்குள் வளைந்திருக்கும். முதல் ஆட்டத்திலேயே பாதி ஒடிந்திருக்கும். எனவே சிற்பி துப்பாக்கியைத் தடிப்பாக்குகிறார். துப்பாக்கி தடித்தால் அதைப் பிடிக்கும் கை பெரிதாகவேண்டும், இல்லாவிட்டால் குழந்தை உலக்கையைத் தூக்கியதுபோல் இருக்கும். கை பெரிதானால் முகம் சிறுத்துத் தெரியும். அதையும் சற்றுப் பெரிதாக்கவேண்டும். ஒரு பொருளின் உறுதியில் தொடங்கிய திருத்தம் இப்படி உடல் முழுக்கப் பரவி, எங்கே நிறுத்துவது என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. சிற்பியின் கைத்திறம் தெரிவது இந்த நிறுத்தும் இடத்தில்தான். இங்கிலாந்தின் நாட்டிங்காமைச் சேர்ந்த கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் வார்ஹாமர் உருவங்கள் கையையும் தலையையும் துணிந்து ஊதவைத்து, அந்த மிகையையே ஒரு பாணியாக ஆக்கிக்கொண்டவை. அதே நிறுவனத்துக்குப் பல ஆண்டுகள் செதுக்கிய இரட்டையர் ஆலன் பெரியும் மைக்கேல் பெரியும் தங்கள் சொந்தப் பெயரில் வெளியிடும் நெப்போலியன் காலப் படைகளில் அந்த மிகையை வெகுவாகக் குறைத்துக்கொண்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரி சகோதரர்களின் ஆள் மெலிந்தவன், நிஜ மனிதனுக்கு நெருங்கியவன். ஆனாலும் அவன் துப்பாக்கியை அளந்து பாருங்கள், தடித்துத்தான் இருக்கும். என் தேர்வு இவர்களுடையது. மிகை இருப்பது தெரியாத அளவில் மிகையை நிறுத்தத் தெரிந்தவர்கள் இவர்கள். மைக்கேல் 1996-இல் பழங்காலப் போர் நிகழ்த்துதல் ஒன்றில் பீரங்கி விபத்தில் வலது கையை இழந்து, இடது கையால் செதுக்கக் கற்றுக்கொண்டவர் என்பதையும் நினைத்துக்கொண்டால், அந்த அளவறிந்த நிதானத்துக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது.

நிஜ மனிதனைக் கருவியால் ஸ்கேன் செய்து, அப்படியே சுருக்கி, முப்பரிமாண அச்சில் எடுத்துவிடலாமே, சிற்பியின் திருத்தம் எதற்கு என்று இப்போது கேட்கிறார்கள். எடுக்கலாம். அப்படி எடுத்த உருவத்தைக் கண்ணருகே பிடித்தால் பிரமாதமாகவும் இருக்கும். மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்று பாருங்கள்: கணுக்கால் குச்சியாகிவிடும், முகம் ஒரு புள்ளியாகிவிடும், துணியின் மடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடும். விகிதம் சரியாக இருக்கும், ஆள் இருக்கமாட்டான்.

உருவத்தைச் சேர்த்தெடுக்கும் வேலையிலும் இதே நியாயம்தான். பிளாஸ்டிக் உருவங்கள் இரண்டு பாதி எஃகு அச்சுகளுக்கு நடுவே உருகிய பாலிஸ்டைரீனைப் பாய்ச்சி எடுக்கப்படுபவை. எஃகு வளைந்துகொடுக்காது; ஆகவே உள்நோக்கிக் குடைந்த வடிவம் எதையும் அதிலிருந்து உரித்தெடுக்க முடியாது. வெள்ளீயக் கலவையை ரப்பர் அச்சில் சுழற்றி வார்க்கும் பழைய முறையில் ரப்பர் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். கை மார்போடு ஒட்டிய உருவத்தைக்கூட ஒரே துண்டாக எடுத்துவிடலாம். பிளாஸ்டிக்கில் தலை, கை, முதுகுப்பை எல்லாம் தனித்தனித் துண்டுகளாக ஸ்ப்ரூ எனப்படும் சட்டத்தில் வருவதற்குக் காரணம் இதுதான். சட்டத்திலிருந்து வெட்டி, இரண்டு அச்சுகளும் சந்தித்த இடத்தில் ஓடும் மெல்லிய வரியைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுக்கவேண்டும். இந்தச் சுரண்டலில் சோம்பல் கூடாது. வெறும் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குப் படாத அந்த வரி, வண்ணம் ஏறியதும் முகத்தின் குறுக்கே தழும்பாக எழுந்து நிற்கும். பிளாஸ்டிக்குக்கான பசை ஒட்டுவதில்லை, இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்குகிறது. உலர்ந்தபின் இணைப்பு என்று ஒன்று இருக்காது. ஒட்டும்போது தனி ஆளை மட்டும் பார்த்தால் போதாது. இவன் பக்கத்தில் இன்னொருவன் தோளோடு தோள் நிற்கப்போகிறான். இவன் துப்பாக்கிமுனைக் கத்தி பின்னால் நிற்பவன் தொப்பியில் இடிக்கக்கூடாது. அனுபவசாலிகள் தீட்டுவதற்கு முன்பே வரிசையை ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுவார்கள்.

இனி வண்ணம். வெளியாட்களுக்குப் புரியாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. பொம்மை ஏற்கெனவே முப்பரிமாணப் பொருள். மூக்கு முன்னே நிற்கிறது, கண்குழி உள்ளே போயிருக்கிறது, விளக்கைப் போட்டால் நிழல் தானாக விழும். அப்படியிருக்க, எதற்காக நிழலையும் வெளிச்சத்தையும் தூரிகையால் மறுபடி வரையவேண்டும்? ஓவியர் தட்டையான துணியில் உருட்சியைக் காட்ட நிழல் போடுகிறார், அது சரி. உருண்டையான பொருளுக்கே நிழல் போடுவது பூவுக்கு மேல் பூ வரைவதுபோல் இல்லையா? கேள்வி நியாயமானது. பதிலைக் கணக்கிலிருந்து சொல்லலாம். இந்த உருவத்தின் தலை, தாடையிலிருந்து உச்சிவரை, சுமார் 4 மில்லிமீட்டர். மூக்கு தன் கீழே போடும் நிழல் ஒரு மயிரிழை. விளையாடுபவர் மேசையோரம் நின்று பார்க்கும் தூரம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர்; அந்தத் தூரத்தில் நல்ல பார்வையுள்ள கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச்சிறிய இடைவெளி கால் மில்லிமீட்டர் அளவு. நிழல் விழுகிறது, கண்ணுக்கு வந்து சேரவில்லை. நிஜ மனிதனின் கோட்டு மடிப்பில் தங்கும் இருளுக்கு ஒரு விரல்கடை ஆழம் இருக்கிறது. பொம்மையின் மடிப்புக்குள் அறையின் வெளிச்சம் நாலாபுறமும் சிதறிப் புகுந்து இருளைக் கரைத்துவிடுகிறது. வெளிச்சம் சுருங்காததால் நேரும் இழப்பு இது. அதைத் தூரிகைதான் மீட்டுத் தரவேண்டும்.

மீட்கும் வழிகள் பல. கறுப்பு அடிப்பூச்சின் மேல் நேர் உச்சியிலிருந்து வெள்ளையைத் தூவி, வானத்து வெளிச்சம் எங்கெல்லாம் படும் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்வது ஒன்று. வாஷ் எனப்படும் நீர்த்த கருநிறத்தைப் பாயவிட்டு, அது பள்ளங்களில் தானே போய்த் தங்கும்படி செய்வது இன்னொன்று. பொம்மை தீட்டுநர் கெவின் டாலிமோர் பரப்பிய மூன்று படி முறை எனக்கு எல்லாவற்றிலும் நேர்மையானதாகப் படுகிறது: கறுப்பின் மேல் அடர்நிறம், அதற்குள்ளே ஒதுங்கி நடுநிறம், அதற்கும் உள்ளே ஒதுங்கி வெளிர்நிறம். மூன்றுக்கும் இடையே குழைவு கிடையாது. விளிம்புகள் வெட்டுவெட்டாக நிற்கும். கையில் வைத்துப் பார்த்தால் முரடு. இரண்டடி தள்ளி வைத்தால் கண்ணே மூன்றையும் குழைத்துக்கொள்கிறது. குழைக்கும் வேலையைத் தூரிகையிடமிருந்து வாங்கிக் கண்ணிடம் ஒப்படைக்கும் இந்தத் துணிவு, பார்க்கும் தூரத்தைத் தெரிந்தவருக்கு மட்டுமே வரும்.

இதற்கு மாறான வாதம் ஒன்று அளவுமாதிரிக் கலைஞர்களிடையே நெடுங்காலமாக உண்டு. 90 சென்டிமீட்டரிலிருந்து இந்தப் பொம்மையைப் பார்ப்பது நிஜ ஆளை 50 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். 50 மீட்டரில் யாருடைய இமையும் பொத்தானும் தெரியாது. நிறம்கூடக் காற்றில் வெளுத்துத்தான் தெரியும். ஆகவே கண்ணும் பொத்தானும் போட்டு நிழலைக் கூட்டித் தீட்டுவது உண்மைக்கு எதிரானது என்கிறார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கு, பொம்மையைத் தூரத்தில் நிற்கும் மனிதனின் காட்சியாக எடுத்துக்கொள்கிறது. மேசையோரத்தில் நிற்பவர் அப்படிப் பார்ப்பதில்லை. குனிகிறார், ஒருவனைத் தேர்ந்தெடுக்கிறார், அவன் முகத்தைத் தேடுகிறார். 50 மீட்டர் தூரத்து ஆளிடம் யாரும் முகத்தைத் தேடுவதில்லை. பொம்மை கொடுக்கவேண்டியது, பக்கத்தில் போனால் என்ன தெரியுமோ அதைத் தள்ளி நின்றே பார்க்கும் வாய்ப்பை. அந்த வாய்ப்பைத் தராத பொம்மை எவ்வளவு சரியாக இருந்தாலும் சாம்பல் கறைதான். நம் ஊர்ச் சிற்பிகள் கண் திறப்பதைக் கடைசிச் செயலாக வைத்திருக்கிறார்கள். 28 மில்லிமீட்டரில் தீட்டுபவர்களில் பலர் முகத்தை முதலில் முடித்துவிடுகிறார்கள். முகம் வந்துவிட்டால் மிச்ச வேலைக்குக் கை தானே இறங்கும் என்பது அவர்கள் கண்டுகொண்டது.

இன்னொரு நுட்பம். தீட்டிய வெளிச்சம் அசையாது, பொம்மையோ அசையும். கண்ணாடிப் பேழையில் வைக்கும் உருவத்துக்கு இடப்பக்கம் ஒரு தீப்பந்தம் எரிவதுபோல் ஒரு கன்னத்தில் மட்டும் செம்மை ஏற்றலாம். போர்மேசையில் அவனை இடமிருந்து வலம் திருப்பினால் தீப்பந்தமும் சேர்ந்து திரும்பி, பக்கத்தில் நிற்பவனின் வெளிச்சத்தோடு சண்டைபோடும். எப்படித் திருப்பினாலும் பொய்யாகாத வெளிச்சம் ஒன்றே ஒன்றுதான், தலைக்கு மேலிருந்து விழுவது. அதனால்தான் தொப்பியின் மேல்விளிம்பு, தோள், பையின் மேற்பக்கம் வெளிர்கின்றன. அக்குளும் கோட்டு வாலின் உட்புறமும் இருள்கின்றன. உலோக மினுக்கு இல்லாத சாதாரண வண்ணத்தாலேயே கத்தியில் பளபளப்பை வரைந்துகாட்டும் வித்தை போட்டிகளில் கைதட்டல் வாங்கும், தகுதியோடுதான் வாங்கும். ஆனால் அந்தப் பளபளப்பு ஒரு கோணத்துக்கு மட்டும் உரியது. மேசைக்கு வரும் ஆளுக்கு மினுக்கு வண்ணமே மேல். அது அறையின் விளக்கை அவ்வப்போது நிஜமாகவே பிடித்துக் காட்டும். கடைசியில் மினுக்கில்லாத வார்னிஷ் பூசுவதும் இந்தக் காரணத்தால்தான். பளபளக்கும் வார்னிஷ், வரைந்த வெளிச்சத்தின் மேல் அறையின் வெளிச்சத்தைக் கொண்டுவந்து ஏற்றி, பட்ட பாட்டை மூடிவிடும்.

விளையாட்டுக்காரர் தன் படையின் முகத்தைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை என்பதை ரசிகர்கள் அதிகம் கவனிப்பதில்லை. முகங்கள் எதிராளிக்கு. மூன்று மணி நேரம் அவர் பார்ப்பது முதுகை, அதிலும் சாய்வாக மேலிருந்து. பிரெஞ்சுக் காலாளின் சீருடை நீலம் என்று எல்லோருக்கும் தெரியும். முதுகிலிருந்து பார்த்தால் நீலத்தைத் தேடவேண்டும். கறுப்புத் தொப்பியின் தட்டையான உச்சி, அதற்குக் கீழே சுருட்டிக் கட்டிய மேலங்கி, அதன்கீழ் உரோமத்தோடு பதப்படுத்திய கன்றுத்தோல் முதுகுப்பை, இடுப்பில் தோட்டாப் பெட்டி. நீலம் சட்டைக்கையிலும் கோட்டு வாலிலும்தான் எஞ்சுகிறது. எனவே ஒரு தீட்டுநரை எடைபோட நான் பார்ப்பது முதுகுப்பையைத்தான். அடர்பழுப்பை முழுதும் பூசி, அது உலர்ந்ததும் கூர்முனைத் தூரிகையால் மேலிருந்து கீழாக, ஒன்றின் வாலில் இன்னொன்றின் தலை படும்படி, குட்டைக் குட்டையாக இளம்பழுப்புக் கோடுகள். அவற்றின் நடுவே இன்னும் வெளிறிய சில. ஒரு பைக்குச் செம்பழுப்பு, அடுத்ததற்குக் கறுப்பு, நாலாவதில் ஒரு வெள்ளைத் திட்டு. கன்றுகள் ஒரே நிறத்தில் பிறப்பதில்லையே. பையை மூடும் வார்களுக்கு நேரே வெள்ளை போட்டால் சுண்ணாம்புக் கோடாகிவிடும். முதலில் சாம்பல், அதன் நடுவில் மட்டும் வெள்ளை, இரு ஓரத்திலும் இழை அளவு இருளை விட்டுவைப்பது. அந்த இருள்தான் வாரைப் பையிலிருந்து பிரித்துத் தூக்கிக் காட்டுகிறது. சுருட்டிய மேலங்கியின் முனையில் தெரியும் சுழியை ஒருவர் மறக்காமல் இருட்டியிருந்தால், மிச்சத்தைப் பார்க்காமலே அவரை நம்பலாம்.

ஒரே ஆளை நாற்பது தடவை தீட்டுவது கலையாகுமா, தொழிற்சாலை வேலைதானே என்பார்கள். 1808 பிப்ரவரி ஆணைப்படி ஒரு பிரெஞ்சு பட்டாலியனுக்கு ஆறு கம்பெனிகள், கம்பெனிக்கு 140 பேர், மொத்தம் 840. இருபது பேருக்கு ஒரு பொம்மை என்று வைத்தால் 42. இந்த 42 பேரும் ஒன்றுபோல் இருக்கவேண்டும், ஒருவன்போல் இன்னொருவன் இருக்கக்கூடாது. தேர்ந்த வீரர்களின் கம்பெனிகள் இரண்டில் ஒன்றான கிரெனேடியர் கம்பெனிக்குச் சிவப்புத் தோள்குஞ்சம். நான்கு சாதாரணக் கம்பெனிகளுக்கும் தொப்பியில் ஒட்டிய சிறு பந்தின் நிறம் மாறும்: பச்சை, வான்நீலம், செம்மஞ்சள், ஊதா. ஆணை சொன்னது இவ்வளவு. படை நடந்தபின் ஆணை என்ன ஆனது என்பதையும் தூரிகை சொல்லலாம். ஸ்பெயினில் கிடைத்த பழுப்புத் துணியில் தைத்துக்கொண்ட கால்சட்டைகள், ஒட்டுப்போட்ட முழங்கால், பொருந்தாத நிறத்தில் மேலங்கிகள். சட்டம் ஒருமையைக் கொடுக்கிறது, சாலை வேற்றுமையைக் கொடுக்கிறது. இரண்டையும் ஒரே வரிசையில் எந்த விகிதத்தில் கலப்பது என்பது தனி ஆளைத் தீட்டுபவருக்கு எழாத கலைக்கேள்வி. 2019-இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் கொண்டுவந்த காண்ட்ராஸ்ட் வண்ணங்கள் ஒரே பூச்சில் மேட்டையும் பள்ளத்தையும் பிரித்துக் காட்டிவிடுகின்றன. அவற்றை இழிவாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாற்பது கால்சட்டைகளை அவற்றிடம் விட்டு, மிஞ்சிய நேரத்தை நாற்பது முதுகுப்பைகளுக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

இவ்வளவும் செய்து மேசையில் நிறுத்தினால், அங்கே இன்னும் பெரிய பொய் காத்திருக்கிறது. 840 பேர் மூன்று வரிசையில் நின்றால் பட்டாலியனின் முகப்பு சுமார் 160 மீட்டர். நம் 42 பேர், ஆளுக்கு 15 மில்லிமீட்டர் இடமாக இரண்டு வரிசையில் நின்றால் முகப்பு 315 மில்லிமீட்டர். அதாவது மேசையில் ஒரு மில்லிமீட்டர் நிலத்தில் அரை மீட்டர். அந்தத் தரை அளவின்படி நம் ஆளின் உயரம் 14 மீட்டர், நாலு மாடிக் கட்டடம். ஆளுக்கு ஆழம் 20 மில்லிமீட்டர் என்றால் இரண்டு வரிசையின் ஆழம் 20 மீட்டர். நிஜத்தில் அது மூன்று மீட்டரை எட்டினாலே அதிகம். இந்த முரணைக் காட்டித்தான் பொம்மையே வேண்டாம் என்று வாதிடலாம். பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் ஆட்டத்தில் பொம்மை கிடையாது. 8000-இல் ஒரு பங்கு வரைபடத்தின் மேல் சிவப்பு, நீலக் கட்டைகள். கட்டையின் நீளமும் அகலமும் படையின் உண்மையான முகப்பும் ஆழமும். உண்மைதான் அளவுகோல் என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது.

எதிர்வாதங்களில் இதுவே மிக வலுவானது என்று ஒப்புக்கொள்கிறேன். தளபதியைப் பயிற்றுவிக்கக் கட்டை போதும், பொம்மையைவிட நல்லது. ஆனால் கட்டை ஒரு செய்தியைத்தான் தருகிறது. படை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும், எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பொம்மை வரிசைக்கு விலா உண்டு, முதுகு உண்டு. அதன் பக்கவாட்டில் குதிரைப்படை வந்து நிற்கும்போது விதிப்புத்தகத்தைத் திறக்குமுன்பே வயிறு அதை உணர்கிறது. தரை அளவும் ஆள் அளவும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பது மேசையில் இரண்டு பார்வைகள் ஒரே நேரத்தில் நடப்பதால். எழுந்து நின்றால் தளபதியின் பார்வை, அங்கே தரை அளவு. குனிந்தால் காலாளின் பார்வை, அங்கே ஆள் அளவு. துப்பாக்கிக்குத் தடிப்பு, மூக்குக்கு நிழல் என்று தொடங்கிய ஈடுகட்டலின் கடைசிப் படி இது. கொடியும் அப்படித்தான். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கொடி 80 சென்டிமீட்டர்ச் சதுரம். விகிதப்படி 14 மில்லிமீட்டர். பலர் அதைச் சற்றுப் பெரிதாகவே வைக்கிறார்கள். அச்சிட்ட காகிதக் கொடியைப் பசை ஈரமாக இருக்கும்போதே விரலால் நெளித்து, உலர்ந்ததும் மடிப்பின் மேட்டில் வெளிர்நிறமும் பள்ளத்தில் அடர்நிறமும் தடவி, வெட்டிய ஓரத்தின் வெள்ளைக்கும் வண்ணம் கொடுத்தால்தான் அது துணியாகிறது. காற்று 56-இல் ஒரு பங்காக வீசாது. நெளிவைக் கைதான் கொடுக்கவேண்டும்.

போரை அழகாக்கிக் காட்டுவது தகுமா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கக்கூடாது. 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதிய எச். ஜி. வெல்ஸ், பிரிட்டன்ஸ் நிறுவனத்தின் ஈயச் சிப்பாய்களையும் வில்சுருள் பீரங்கியையும் வைத்து விதி வகுத்தவர். நிஜப்போர் எவ்வளவு அபத்தமானது என்பதை விளையாட்டுப் போரே கற்பிக்கும் என்பது அவர் கட்சி. மறு ஆண்டே ஐரோப்பா எரிந்தது. விளையாட்டு யாரையும் தடுத்துவிடாது என்பது அதிலிருந்தே தெரிகிறது. அந்தப் பெருமையை இந்தக் கலைக்கு நான் கேட்கவுமில்லை. நான் சொல்வது சிறியது. மேசையில் வலியும் நாற்றமும் இல்லை, இருப்பதாக யாரும் சொல்லிக்கொள்ளவும் கூடாது. அங்கே இருப்பது வியூகமும் உடுப்பும், அவற்றைத் தாங்கிய உடலும். ஒட்டுப்போட்ட அந்த முழங்காலைத் தீட்ட அரைமணி நேரம் செலவிட்டவர், அட்டவணையில் 840 என்று படிக்கும்போது எண்ணை மட்டும் படிப்பதில்லை.

விதிகளில் ஓரிடம் இருக்கிறது, அதற்காகவே இந்தக் கலையை மறுபடி மறுபடி பார்க்கலாம். குதிரைப்படை பாய்ந்து வரும்போது பட்டாலியன் சதுர வியூகம் அமைக்கவேண்டும். நாலு பக்கமும் வெளிநோக்கி, நாலு பக்கமும் துப்பாக்கிமுனைக் கத்திகள். பொம்மைகளை ஒட்டிய அடித்தட்டுகளைப் பிடித்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்கிறார்கள். முன்வரிசை எதிராளியைப் பார்த்தபடியே நிற்கிறது, பக்கங்கள் இரண்டும் விலகித் திரும்புகின்றன. பின்பக்கத்துக்கு வந்தவர்கள் திரும்பும்போது, அதுவரை கன்றுத்தோல் பையாகவே தெரிந்துகொண்டிருந்த பத்துப் பேர் தங்களைத் தீட்டியவரை நேருக்கு நேர் பார்க்கிறார்கள்.